விட்டுவிடக் கற்றவர்கள்

பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கும்போது எழும் ரப்பர் வாசனை ஒன்று உண்டு. இன்று ஐம்பதைத் தாண்டியவர்களில் கிராமத்தில் வளர்ந்த பலரை அது நேராகக் கவட்டையிடம் கொண்டுபோய் விட்டுவிடும். கொய்யா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இரண்டு கையும் ஒரே கனத்தில் பிரியும் கிளையைக் கண்டுபிடித்து ஒடிப்பதற்கே ஒரு நாள் போகும். அறுந்த செருப்பின் தோல் கல் வைக்கும் பட்டையாகும். கால்சட்டைப் பை கூழாங்கல்லால் தொங்கும். கோடை விடுமுறை முழுக்க ஓணானும் அணிலும் வேலியோரத்துச் சிட்டும் படாத பாடு படும். அந்தப் பையன்களில் பெரும்பாலோர் இரண்டு கோடைக்குள் கவட்டையைக் கூரையில் செருகிவிட்டு மறந்துபோனார்கள். ஒரு சிலர் மட்டும் அங்கிருந்து காட்டுக்குள் போனார்கள். கண்ணி வைக்கவும் தடம் பார்க்கவும் துப்பாக்கி பிடிக்கவும் கற்று வேட்டைக்காரர்களானார்கள். அந்தச் சிலரை உள்ளே அழைத்துச் சென்றது எது? கையில் கிடைத்த ஆயுதமும் முதல் ரத்தத்தின் ருசியும்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மைகூட இல்லை என்று நினைக்கிறேன். வேட்டையைப் பற்றி எழுதப்பட்ட நினைவுகளைப் படிக்கப் படிக்க, ஒருவனை வேட்டைக்காரனாக்கியது அவனோடு நடந்த ஒரு மூத்தவர் என்பது தெளிவாகிறது. அந்த மூத்தவர்களில் நல்லவர்கள் முதலில் கற்றுக்கொடுத்தது எதை விட்டுவிட வேண்டும் என்பதைத்தான்.

1875இல் நைனிடாலில் பிறந்த ஜிம் கார்பெட்டின் பிள்ளைப் பருவம் இதற்கு நல்ல சான்று. குமாவுன் மலையடிவாரத்துக் காலாதுங்கியில் அவருடைய குடும்பம் குளிர்காலத்தைக் கழித்தது. தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்த அந்தப் பையனும் கவட்டையில்தான் தொடங்கினான். பிறகு உண்டைவில், அதன் பிறகு குழாயில் மருந்து இடித்துச் சுடும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் பிளந்து போயிருந்தது. குமாவுன் பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், தமக்குப் பறவைகள் சேகரித்துத் தருவதற்காக அதைக் கொடுத்தார். ஆயுதங்களின் வரிசையை மட்டும் பார்த்தால் கவட்டையிலிருந்து துப்பாக்கிக்கு நேர்க்கோடு போட்டுவிடலாம். ஆனால் 1953இல் வெளிவந்த 'ஜங்கிள் லோர்' நூலில் கார்பெட் நின்று நிதானித்துப் பேசுவது வேறு விஷயங்களை: காட்டில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் யார் எழுப்பியது, எதற்காக எழுப்பியது என்று பிரித்தறிந்தது, புழுதியில் கிடந்த தடத்தைப் பார்த்து அந்த விலங்கு எப்போது, எவ்வளவு அவசரமாகப் போனது என்று சொல்லப் பழகியது, பறவைகளை அவை காட்டுக்குச் செய்யும் வேலையைக் கொண்டு வகைப்படுத்தியது. ஆபத்து வருவதை அறிவிக்கும் பறவைகளுக்கு அதில் தனி இடம் உண்டு. இவற்றைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அண்ணன் டாம் இருந்தார். அனுமதியில்லாமல் வேட்டையாடுவதில் பேர்போன, ஊர்த் தலைவரான குன்வர் சிங்கும் இருந்தார். மருந்தும் ஈயமும் கைக்கு எட்டாத விலையில் இருந்த வீட்டில், வெடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் கணக்கு உண்டு. சுடுவதற்கு முன் வெகுநேரம் பார்த்திருக்க வேண்டிய நிலைதான் அந்தப் பையனைக் கூர்மையாக்கியது.

நம் பக்கத்துக் கரிசல் காட்டு முயல் வேட்டையிலும் நுழைவு இதே மாதிரிதான். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமைகளில் கன்னியும் சிப்பிப்பாறையும் முயலுக்காகவே வளர்க்கப்பட்ட நாய்கள். மெலிந்த உடம்பு, நீண்ட கால், வெட்டவெளியில் கண்ணால் பார்த்து விரட்டும் பழக்கம். அறுவடை முடிந்து காடு மொட்டையாகக் கிடக்கும் நாட்களில் பெரியவர்கள் நாயோடு புறப்படுவார்கள். கூடவே போகும் பொடியனுக்கு முதல் நாளே நாயின் கயிறு கைக்கு வராது. தண்ணீர் சுமக்க வேண்டும், வரிசையின் ஓரத்தில் நடக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். புழுக்கை காய்ந்ததா ஈரமானதா, வேலிக்கடியில் உள்ள நுழைவழி பழையதா புதியதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லாமல், பெரியவர் குனியும் இடத்தில் தானும் குனிந்து கற்றுக்கொண்டவை. கிடைத்ததைக் கூறு போடும்போது கூட நடந்த பொடியனுக்கும் ஒரு பங்கு வைப்பது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. அந்தத் துண்டுக் கறியைவிட, பெரியவர்களின் கணக்கில் தானும் ஒரு ஆளாகச் சேர்ந்துவிட்டது அவனுக்குப் பெரிது. சினை முயலை விட்டுவிடச் சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள், எதையும் விட்டுவைக்காத பெரியவர்களும் இருந்தார்கள். பையன் எப்படிப்பட்ட வேட்டைக்காரனாக ஆனான் என்பதை, அவன் யாருக்குப் பின்னால் நடந்தான் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், பின்னாளில் கண்ணப்ப நாயனாராகும் திண்ணன் போகும் முதல் வேட்டை விரிவாக வருகிறது. தந்தை நாகன் முதுமையால் தளர்ந்து தலைமையை மகனிடம் ஒப்படைக்கிறான். மகனோ சிறுவயதிலேயே முறைப்படி வில் பிடித்துப் பல காலம் பயின்றவன். நாணனும் காடனும் உடன் செல்ல, வேட்டுவர் கூட்டம் காட்டை வளைக்கிறது. நாய்களின் பாய்ச்சலையும் விலங்குகளின் ஓட்டத்தையும் சொல்லிக்கொண்டே போகும் சேக்கிழார், அந்த ஆரவாரத்தின் நடுவே நின்று ஒன்றைப் பதிவு செய்கிறார். கொலைத் தொழிலில் கொடியவர்களான அந்த வேட்டுவர் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குருளைகளைக் கொல்லவில்லை, கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை அலைக்கழிக்கவில்லை. பக்தியைச் சொல்ல வந்த காப்பியத்துக்கு இந்தச் செய்தி கட்டாயமில்லை. ஆனாலும் அது இடம்பெற்றிருக்கிறது என்றால், வேட்டைக்கு ஒரு வரம்பு உண்டு, புதியவன் அந்த வரம்போடுதான் உள்ளே வருகிறான் என்ற நினைப்பு இந்த மண்ணில் ஊறியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

கடலுக்கு அப்பாலும் இதே நினைப்பு இருந்ததற்கு ஆல்டோ லியோபோல்டின் இளமை சாட்சி. 1887இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான பர்லிங்டனில் பிறந்தவர். மேசை செய்யும் தொழில் நடத்திய தந்தை கார்ல், சட்டம் தடுப்பதற்கு முன்பே சில வேட்டைகளைத் தாமாகவே கைவிட்டவர். மகன் கையில் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கொடுத்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார்: கிளையில் உட்கார்ந்திருக்கும் காட்டுக்கோழியைச் சுடக் கூடாது, பறக்கும்போதுதான் சுட வேண்டும். பையனின் நாயோ பறவையை மரத்தில் ஏற்றி நிறுத்துவதில் கெட்டிக்காரன். கைக்கு எட்டும் பறவையை விட்டுவிட்டு, தப்பிப் பறக்கும் பறவையை நோக்கிக் குறி தவறிச் சுட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களே தமக்கு அறத்தின் முதல் பயிற்சி என்று லியோபோல்டு 1949இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் நினைவுகூர்ந்தார். காட்டில் யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் ஆளில்லை. அப்படியும் பையன் கட்டுப்பட்டான் என்றால் அது தந்தை மேல் வைத்த மதிப்பு. காட்டுயிர் மேலாண்மை என்ற துறைக்கே அடித்தளம் இட்டவராக அவர் பின்னாளில் வளர்ந்ததன் வேர் அந்த நிபந்தனையில் இருக்கிறது.

சலீம் அலியின் கதை இதற்கு மாறுபடுவதுபோல் முதலில் தோன்றும். 1896இல் பிறந்து பம்பாயில் வளர்ந்த அந்தப் பையனிடம் காற்றுத் துப்பாக்கி இருந்தது. சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் தள்ளுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வேட்டைப் பிரியரான மாமா அமீருத்தீன் தயாப்ஜிக்கு அது என்ன குருவி என்று தெரியவில்லை. அவர் பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்டு பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். துப்பாக்கி மட்டும் இருந்தவரை அவன் சுடும் பையன். பெயர் கேட்டு வந்தவனை மதித்து ஒரு பெரியவர் நேரம் ஒதுக்கிய பிறகுதான் அவன் பறவைகளின் உலகுக்குள் நுழைந்தான். பம்பாயில் எத்தனையோ பையன்களிடம் காற்றுத் துப்பாக்கி இருந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் அனுப்பிவைத்த மாமா எல்லாருக்கும் வாய்க்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வேட்டை கட்டுப்பாட்டைக் கற்பித்தது என்றால், இந்தியக் காடுகளைக் காலி செய்தவர்கள் யார்? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் தில்லி தர்பாருக்கு வந்த கையோடு நேபாளத் தராய்க்குப் போனபோது, சில நாட்களில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் வீழ்த்தப்பட்டன. சர்குஜா மகாராஜா தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைக் கொன்றதாகக் கணக்கு வைத்திருந்தார். இவர்களும் வேட்டைக்காரர்கள்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இவர்கள் வேட்டைக்குள் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். யானை முதுகில் அம்பாரி. சுற்றிலும் தப்பும் தகரமும் அடித்து விலங்கை விரட்டிவரும் நூற்றுக்கணக்கான ஆட்கள். குறி தவறினால் அடுத்த துப்பாக்கியை நீட்ட ஒரு வேலையாள். தடம் பார்த்தவர் ஒருவர், காற்றுப் பார்த்தவர் இன்னொருவர், காயம்பட்ட புலியின் பின்னால் புதருக்குள் போனவர் மூன்றாமவர். விசையை இழுத்தவருக்கு இவற்றில் ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. எதையும் கற்காமல், யாருக்கும் கட்டுப்படாமல் உள்ளே வந்தவருக்கு மிஞ்சியது எண்ணிக்கை மட்டும்தான். ஆக, அந்தப் படுகொலைகள் என் வாதத்தை உடைக்கவில்லை. மூத்தவரின் கண்காணிப்பு இல்லாத நுழைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையே காட்டுகின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. நல்ல பெரியவர்களிடம் பயின்ற நல்ல வேட்டைக்காரர்கள் இருந்தும் விலங்குகள் குறைந்துகொண்டேதான் போயின. உண்மை. நீலகிரியில் 1879லேயே வேட்டைக்குப் பருவமும் அனுமதிச் சீட்டும் விதித்துச் சட்டம் வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்களே வேட்டைக்காரர்கள்தான். அப்படியும் காடு தேயிலையாகவும் காப்பியாகவும் மாறியது, துப்பாக்கிகள் பெருகின, ஜீப்பும் சக்திவாய்ந்த விளக்கும் வந்து இரவையும் விலங்குகளிடமிருந்து பறித்துக்கொண்டன. தனிமனிதக் கட்டுப்பாடு நல்ல மனிதர்களை உருவாக்கும். எல்லாரையும் தடுத்து நிறுத்தும் பலம் அதற்கு இல்லை. எனவே 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், எஞ்சியிருந்த வேட்டை அனுமதிகளை ஒழித்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் தேவையானவை. முயலுக்கும் கௌதாரிக்கும்கூட அவை காவலாக நிற்பது சரியே. பொங்கலை ஒட்டிப் பாரி வேட்டை என்று ஊரே கம்போடும் நாயோடும் காட்டுக்குள் இறங்கிய வழக்கத்தை வனத்துறை தடுப்பதையும் ஆதரிக்கிறேன். கன்னியாகுமரியில் பகவதி அம்மன் விஜயதசமியன்று குதிரை வாகனத்தில் மகாதானபுரம் சென்று பரிவேட்டை நடத்துகிறாள். உயிர்ப்பலி இல்லாமல் வேட்டையின் நினைவைக் காக்க வழியுண்டு என்பதற்கு அது போதும். கொலை திரும்பி வர வேண்டியதில்லை. கொலையோடு சேர்ந்து போய்விட்ட இன்னொன்றைப் பற்றித்தான் என் கவலை: பெரியவர் முன்னால் நடக்க, சிறுவர் பின்னால் நடந்து காட்டைப் படித்த அந்த வழக்கம்.

சட்டம் தடுக்காத நாடுகளிலும் இந்த வழக்கம் தேய்ந்து வருகிறது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 1.7 கோடி அளவில் இருந்த வேட்டைக்காரர்கள் 2016இல் 1.15 கோடியாகச் சுருங்கினர். பென்சில்வேனியாவில் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்குவது வழக்கமாயிருந்தது. அன்று பல பள்ளிகளுக்கு விடுமுறை. தாத்தாவும் அப்பாவும் பிள்ளையும் மலைக் குடிசைக்கு ஒன்றாகக் கிளம்புவார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அந்தத் திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் குடும்பங்களின் வசதிக்காக 2019இல் சனிக்கிழமைக்கு மாறியது. அதை வருத்தத்தோடு பார்த்தவர்கள் ஏராளம். வேட்டைக்குப் புதிய ஆளைச் சேர்க்க அமெரிக்கர்கள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. நியூயார்க் மாநிலம் 1949இல் தொடங்கிய பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு இன்று நாடு முழுதும் பரவிவிட்டது. ஆனாலும் வகுப்பு மட்டும் போதவில்லை என்று உணர்ந்து, உரிமம் பெற்ற ஒரு பெரியவர் பக்கத்திலேயே நின்று வழிகாட்டும் நுழைவு முறையைப் பல மாநிலங்கள் கொண்டுவந்தன. பென்சில்வேனியா சிறுவர்களுக்காக 2006இல் கொண்டுவந்தது. துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாட்டிலேயே, துணைக்கு ஒரு மூத்தவர் இல்லாமல் புதியவர் உள்ளே வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை என்று கண்டிருக்கிறார்கள்.

வேட்டையை விட்டுவிட்டு அதன் கல்வியை மட்டும் காப்பாற்ற முடியுமா என்று சந்தேகப்படுவோர் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைப் பார்க்க வேண்டும். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த அவர்களுடைய தொழில், தடைச் சட்டத்தோடு சட்ட விரோதமாயிற்று. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே திறமைக்கு வேறு வழி திறந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்தாகிறது. பாம்பு ஊர்ந்த தடத்தையும் வளை வாயில் கிடக்கும் சட்டையையும் எச்சத்தையும் வைத்து உள்ளே இருப்பது எது என்று சொல்லும் அறிவு, தாய் தகப்பனோடு வயலில் அலைந்த பிள்ளைகளுக்கு வந்தது. அப்படி வளர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லையாகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைச் சில வாரங்களிலேயே இருபதுக்கும் மேல் பிடித்துக் கொடுத்தார்கள். முன்பின் பார்த்திராத நிலம், பழகாத பாம்பு. கைகொடுத்தது சிறுவயதில் பழகிய பார்வைதான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தேக்கடியிலும் இதைப் போன்ற ஒரு மாற்றம் நடந்தது. மரப்பட்டை திருடிக் காட்டுக்குள் பதுங்கித் திரிந்தவர்கள் பெரியாறு புலிகள் காப்பகத்தின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். அவர்கள் விட்டது திருட்டை. காடறிந்த அறிவு அவர்களோடுதான் இருக்கிறது.

எல்லாரையும் அழைத்த கல்வி அது இல்லையே என்றும் ஒரு கேள்வி வரும். ஆம். பெரும்பாலான ஊர்களில் பெண்பிள்ளைகள் வேட்டைக்குக் கூட்டிப்போகப்பட்டதில்லை. வயிற்றுக்கு இல்லாததால் எலியும் முயலும் பிடித்தவனின் வேட்டையையும், பொழுதுபோக்குக்குப் போன பண்ணையாரின் வேட்டையையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. முன்னவனுக்கு அது விளையாட்டே இல்லை. ஆனால் இருளர் பெண்கள் மூலிகை தேடுவதிலும் எலி பிடிப்பதிலும் ஆண்களுக்குச் சளைக்காதவர்கள். பெண்ணால் முடியாது என்று விலக்கியது ஊர் வழக்கம். காட்டறிவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. கொலை நீங்கிய கல்வியைத் திரும்பக் கட்டும்போது இந்தக் கதவையும் அகலத் திறந்து வைக்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

இன்று ஒரு பையன் எப்படி நுழைகிறான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அவசரம் புரியும். கைபேசியில் ஓடும் காணொளிதான் அவனுக்கு ஆசான். இரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கண் கூசி நிற்கும் முயலை அடித்து, அதைப் படம் பிடித்துப் பதிவேற்றி, கடைசியில் வனத்துறையிடம் சிக்குகிறவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அம்பாரியில் அமர்ந்த ராஜாவுக்கும் இவனுக்கும் பணத்தில்தான் வேற்றுமை. கற்காமல் வந்த நுழைவும் எண்ணிக்கை மோகமும் ஒன்றே. விலையுயர்ந்த கேமராவோடு சரணாலயத்துக்குள் வண்டியை முடுக்கி, புலியை மறித்து நிறுத்திப் படமெடுப்பவரும் அதே வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார். கையிலிருப்பது துப்பாக்கியா கேமராவா என்பது விலங்கின் உயிருக்கு முக்கியம். மனிதன் என்ன கற்றான் என்பதற்கு, போதும் என்று தடுத்த ஒரு குரல் அவனுக்குப் பக்கத்தில் இருந்ததா என்பதே முக்கியம்.

அந்தக் குரல்கள் இன்னும் முழுதும் ஓயவில்லை. முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருப்பவர்களில் பலர் பழங்குடியினர். யானையின் மூச்சை முன்கூட்டியே உணரும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் கூலிக்கு உழைக்கிறார்கள். அவர்களுக்கு நிலையான வேலையும், ஆசிரியருக்கு உரிய மரியாதையும் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளை அவர்களுக்குப் பின்னால் நடக்கவிட வேண்டும். பேருந்தில் அழைத்துப்போய் மானைக் காட்டிவிட்டுத் திரும்பும் சுற்றுலா இதற்கு ஈடாகாது. ஒரே கண்மாயை, ஒரே கரட்டை, ஒரே பெரியவரோடு பருவம் மாற மாறப் பல தடவை நடந்து பார்க்க வேண்டும். கூட்டைக் கண்டால் விலகி நடக்கவும், குட்டியோடு நிற்கும் தாயைக் கண்டால் வந்த வழியே திரும்பவும் அங்கேதான் பழக முடியும். சட்டம் விலங்கைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதைக் காக்க விரும்பும் மனிதரை உருவாக்குவது சட்டத்தால் ஆகிற காரியமில்லை. அதற்கு ஒரு மூத்தவரும், அவர் பின்னால் நடக்க ஒரு பிள்ளையும், இருவருக்கும் போதுமான நேரமும் வேண்டும். வேட்டை நமக்கு விட்டுச் சென்றவற்றில் காப்பாற்றத் தக்கது இந்த ஒன்றுதான். அதைக் காப்பாற்ற ஒரு விலங்கும் சாக வேண்டியதில்லை.